தீயணைப்புத் துறையின் கோடை எச்சரிக்கைகள்: பீனிக்ஸ் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மே மாதம் பிறந்தால் அரிசோனாவின் பீனிக்ஸ் சுற்றுவட்டாரத்தில் போன்கள் அலறத் தொடங்கிவிடும். கடும் வெப்பம், புழுதிப் புயல், திடீர் வெள்ளம், காட்டுத்தீ என்று ஒன்று போனால் ஒன்று. நடுநடுவே நகரத் தீயணைப்புத் துறையும் நீச்சல் குள எச்சரிக்கை, மணல்மூட்டை விநியோகம், சி.பி.ஆர். (இதயம் நின்றவருக்கு நெஞ்சை அழுத்திச் செய்யும் முதலுதவி) வகுப்பு என்று தன் பங்குக்குச் சேதி அனுப்பும். புதிதாகக் குடிவந்தவர்களும், ஆறு மாத விசாவில் பிள்ளைகளோடு தங்க வரும் அப்பா அம்மாக்களும் வருஷா வருஷம் கேட்பதைத் தொகுத்திருக்கிறேன். நான் தீயணைப்பு வீரன் இல்லை. பதினோரு கோடைகளை இங்கே கழித்தவன், அவ்வளவுதான்.

வெயிலுக்கும் தீயணைப்புத் துறைக்கும் என்ன சம்பந்தம்?

பெயரில்தான் தீ. வரும் அழைப்புகளில் பெரும்பகுதி மருத்துவ உதவிக்கானவை. மயக்கம், மூச்சுத்திணறல், விபத்து என்று எதற்கு அவசர எண்ணான 911 அழுத்தினாலும் பெரும்பாலும் முதலில் வந்து நிற்பது அந்தச் சிவப்பு வண்டிதான். அதில் வருகிறவர்கள் அவசர சிகிச்சைப் பயிற்சி பெற்றவர்கள். கோடையில் அவர்களுடைய பெரிய எதிரி வெயில். 2023-ல் பீனிக்ஸில் தொடர்ந்து 31 நாள் பகலின் உச்ச வெப்பம் 110 டிகிரி பாரன்ஹீட்டுக்குக் கீழே இறங்கவில்லை. நம் செல்சியஸ் கணக்கில் 43 டிகிரிக்கு மேல். அந்த ஆண்டு பீனிக்ஸ் அடங்கிய மாரிகோபா கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) வெப்பத்தால் இறந்தவர்கள் 645 பேர். 2024 கோடையிலிருந்து பீனிக்ஸ் தீயணைப்பு வண்டிகளில் ஆள் நீள நீர்புகாப் பைகளும் பனிக்கட்டியும் போகின்றன. வெப்பத்தாக்குதலில் விழுந்தவரை அந்தப் பைக்குள் படுக்கவைத்து, பனிக்கட்டியும் தண்ணீரும் கொட்டி, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உடலைக் குளிர்விப்பார்கள்.

எங்க ஊர்ல பார்க்காத வெயிலா?

என் அப்பாவும் இதைத்தான் சொன்னார். வந்த இரண்டாம் வாரம், ஜூன் மாதம், சாயங்காலம் ஆறு மணிக்கு வாக்கிங் கிளம்பினார். ஆறு மணி என்றால் வெயில் தாழ்ந்திருக்கும் என்பது ஊர்க் கணக்கு. இங்கே ஜூனில் சூரியன் மறையவே ஏழு நாற்பது ஆகும். நாலு, ஐந்து மணிக்குத்தான் வெப்பம் உச்சம். ஆறு மணிக்கும் அது பெரிதாகக் குறைந்திருக்காது.

முக்கால் மணி நேரம் கழித்து வந்து சோபாவில் உட்கார்ந்தார். சட்டை காய்ந்து மொடமொடவென்று இருந்தது. "வேர்க்கவே இல்லடா, நல்ல ஊர்" என்றார். உண்மையில் நன்றாகவே வியர்த்திருக்கிறது. காற்றில் ஈரமே இல்லாததால் தோலுக்கு வந்த வேகத்தில் ஆவியாகிவிட்டது. கழுத்தோரம் விரலால் தடவினால் உப்பு வெள்ளையாக ஒட்டியது. சென்னை வெயில் உடம்பை நனைத்துக் காட்டிவிடும், நாமும் நிழல் தேடுவோம். இந்த வெயில் எதையும் காட்டாமல் தண்ணீரை உறிஞ்சிவிடும். பத்து நிமிடத்தில் அப்பா கேட்டார்: "தம்பி எப்ப ஆபீஸ்லேர்ந்து வருவான்?" சொன்னேன். ஒரு நிமிடம் கழித்து அதையே மறுபடி கேட்டார். தம்பி இருப்பது கோயம்புத்தூரில் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அதில் எது சாதாரணக் களைப்பு, எது ஆபத்து?

தலைசுற்றல், குமட்டல், கால் இழுத்துப்பிடித்தல், ஏகப்பட்ட வியர்வை வரைக்கும் வெப்பக் களைப்பு. உள்ளே கூட்டிவந்து, துணியைத் தளர்த்தி, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுத்து, ஈரத்துணி போட்டால் பெரும்பாலும் தேறிவிடுவார்கள். ஒரு மணி நேரத்தில் தேறாவிட்டால் டாக்டர்.

புத்தி தடுமாறினால் அது வெப்பத்தாக்குதல். குழறிய பேச்சு, கேட்டதையே கேட்பது, காரணமில்லாத எரிச்சல், நடை தள்ளாட்டம், வலிப்பு, மயக்கம். உடல் வெப்பம் 104 டிகிரியைத் தாண்டியிருக்கும். "வியர்க்கிறதே, அப்படியானால் ஒன்றுமில்லை" என்று நினைக்காதீர்கள். வியர்த்துக்கொண்டே இருப்பவருக்கும் இது வரும். 911 அழைத்துவிட்டு, வண்டி வருவதற்குள் கிடைத்த குளிர்ந்த தண்ணீரை உடம்பில் ஊற்றுங்கள், விசிறுங்கள், கழுத்திலும் அக்குளிலும் தொடை இடுக்கிலும் ஐஸ் வையுங்கள். தெளிவாக இல்லாதவர் வாயில் எதையும் ஊற்ற வேண்டாம், புரையேறிவிடும். ரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மற்றவர்களைவிடச் சீக்கிரம் விழுவார்கள். பெற்றோர் வருவதற்கு முன்பே அவர்களுடைய டாக்டரிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

911 கூப்பிட்டால் பெரிய பில் வருமா?

இந்தக் கேள்வியால்தான் அன்று நான் பத்து நிமிடம் வீணடித்தேன். கையில் போன், மனசுக்குள் அப்பாவின் விசிட்டர் இன்சூரன்ஸில் ஆம்புலன்ஸ் உண்டா இல்லையா என்ற கணக்கு. வந்த வீரர்களில் ஒருவர் அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே, எப்போதிலிருந்து இப்படி என்று கேட்டார். இருபது நிமிடம் என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது.

சரி, பணத்துக்கு வருவோம். ஆம்புலன்ஸில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் பில் வரும், தொகையும் சின்னது இல்லை. வந்து பார்த்துவிட்டு ஏற்றாமல் போனால் கட்டணம் உண்டா என்பது ஊருக்கு ஊர் மாறும். உங்கள் நகரத்தின் விதியை ஏப்ரலிலேயே விசாரித்துவிடலாம். ஏற்றிக்கொண்டு போக வேண்டுமா என்பதை வண்டி வந்த பிறகும் பேச முடியும். மூளை வெந்துகொண்டிருக்கும்போது இன்சூரன்ஸ் பேப்பரைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. அப்பா இரண்டு நாள் படுத்திருந்து எழுந்துவிட்டார். பில்லும் வந்தது, தவணையில் கட்டி முடித்தேன்.

அம்மாவுக்கு இங்கிலீஷ் வராது. தனியாக இருக்கும்போது என்ன செய்வார்?

911 மையங்களில் போன் வழி மொழிபெயர்ப்பாளரை இணைக்கும் வசதி உண்டு. "தமிழ்" என்று மட்டும் சொல்லிவிட்டு லைனில் இருந்தால் போதும். ஆனால் ஆள் கிடைக்க நேரம் ஆகலாம். அதனால் வீட்டு விலாசத்தைப் பெரிய எழுத்தில் எழுதி பிரிட்ஜ் கதவில் ஒட்டிவிடுங்கள். ஆங்கில எழுத்துக்குக் கீழே தமிழ் எழுத்திலும் எழுதுங்கள், வாசித்துக் காட்டிவிடுவார். எங்கே என்பது தெரிந்துவிட்டால் வண்டி கிளம்பிவிடும். என்ன ஆயிற்று என்பதை வந்து பார்த்துக்கொள்வார்கள். பேச முடியாத நிலைமை என்றால் மாரிகோபா கவுண்டியில் 911-க்கு டெக்ஸ்ட் அனுப்பலாம்.

"வாட்ச்", "வார்னிங்" எல்லாம் ஒன்றுதானே?

இல்லை. வாட்ச் என்றால் வரக்கூடும், கவனமாக இருங்கள். வார்னிங் என்றால் வந்துவிட்டது, அல்லது வரப்போவது உறுதி. என் அபிப்பிராயம்: வாட்ச் வந்தால் அடுத்த இரண்டு நாள் திட்டத்தைப் பாருங்கள், வார்னிங் வந்தால் அடுத்த ஒரு மணி நேரத்தைப் பாருங்கள். கடும் வெப்பத்துக்குத் தேசிய வானிலை சேவை முன்பு வைத்திருந்த பெயர் "எக்ஸெசிவ் ஹீட் வார்னிங்". 2025 மார்ச்சிலிருந்து அது "எக்ஸ்ட்ரீம் ஹீட் வார்னிங்". பெயர் மாறியதால் வெயில் கூடிவிட்டதோ என்று ஒரு நண்பர் கேட்டார். வெயிலுக்கு அது தெரியாது.

போனில் தானாகக் கத்தும் அவசரச் செய்தி எரிச்சலாக இருக்கிறது என்று அணைத்து வைப்பவர்கள் உண்டு. இரவு மூன்று மணிக்கு வெள்ளம் வரும்போது எழுப்புவதும் அதே சத்தம்தான். அணைக்காதீர்கள், இருக்கட்டும்.

ஏசி நின்றுவிட்டது. அபார்ட்மெண்ட் ஆபீஸில் நாலு நாள் ஆகும் என்கிறார்கள்.

நாலு நாள் அந்த வீட்டில் இருக்காதீர்கள். 2023-ல் இறந்த 645 பேரில் 150-க்கும் மேற்பட்டவர்கள் வீட்டுக்குள்ளேயே இறந்தவர்கள். அந்த வீடுகளில் பெரும்பாலானவற்றில் ஏசி இருந்தது, ஓடவில்லை.

பீனிக்ஸ் நகர விதிப்படி, ஏசி உள்ள வாடகை வீட்டை 82 டிகிரி பாரன்ஹீட்டுக்கு, அதாவது 28 டிகிரி செல்சியஸுக்குள், குளிர்விக்க முடிந்தாக வேண்டும். தண்ணீரில் ஓடும் கூலர் என்றால் 86 டிகிரி பாரன்ஹீட். புகாரை வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள், எழுத்தில் கொடுங்கள். தேதி போடுங்கள், தெர்மோமீட்டரைப் படம் எடுத்து இணையுங்கள். எனக்கு ஒருமுறை இரண்டு நாள் "ஆள் வந்துகொண்டிருக்கிறார்" என்ற பதிலே வந்தது. விதியின் எண்ணை மேற்கோள் காட்டிய மின்னஞ்சல் போன அன்று மாலையே ஆள் வந்தார்.

இடையில் தங்க, உதவித் தகவல் எண்ணான 211-ஐ அழையுங்கள். பக்கத்தில் உள்ள குளிரூட்டு மையம் எது, அங்கே போக வண்டி கிடைக்குமா என்று சொல்வார்கள். நூலகங்கள் பல அப்படித்தான் இயங்குகின்றன. 110 டிகிரியில் மின்விசிறி மட்டும் ஓடும் அறை அடுப்புக்குள் உட்கார்ந்த மாதிரிதான், சூடான காற்றைச் சுற்றிச் சுற்றி அடிக்கும்.

பூட்டிய காரில் குழந்தை தெரிகிறது. கண்ணாடியை உடைக்கலாமா?

உடைக்கலாம், 2017-ல் வந்த அரிசோனா சட்டம் உங்களைக் காக்கும். குழந்தைக்கும் வீட்டு விலங்குக்கும் பொருந்தும். நிபந்தனைகள் உண்டு: உயிருக்கு ஆபத்து என்று உண்மையாகவே நம்ப வேண்டும், கதவு பூட்டியிருக்க வேண்டும், வேறு வழி இருக்கக் கூடாது, உடைப்பதற்கு முன் 911-க்குச் சொல்ல வேண்டும், தேவைக்கு மேல் சேதம் செய்யக் கூடாது, அவர்கள் வரும்வரை அங்கேயே நிற்க வேண்டும். குழந்தையிடமிருந்து தூரமாக உள்ள ஜன்னலின் மூலையில் அடியுங்கள். மூடிய காருக்குள் பத்து நிமிடத்தில் சுமார் 20 டிகிரி பாரன்ஹீட் ஏறும், குழந்தையின் உடம்பு பெரியவர்களைவிட மூன்று முதல் ஐந்து மடங்கு வேகத்தில் சூடாகும்.

தோட்டக் குழாய்த் தண்ணீர் சுடுமா?

சுடும். வெயிலில் கிடந்த பச்சை ஹோஸ் பைப்புக்குள் தங்கிய தண்ணீர் குழந்தையின் தோலை வேகவைக்கும் அளவுக்குச் சூடாகிவிடும். முதல் இரண்டு நிமிடத் தண்ணீரைச் செடிக்குக்கூட விடாமல் சரளையில் விட்டுவிட்டு, கை வைத்துப் பார்த்த பிறகு விளையாட விடுங்கள். தார்ச்சாலை பிற்பகலில் 160 டிகிரி பாரன்ஹீட் வரை போகும். விழுந்து எழ முடியாமல் சில நிமிடம் கிடந்த முதியவர்கள் தீக்காய வார்டுக்கு வருகிறார்கள். செருப்பில்லாமல் குப்பைத்தொட்டியை இழுத்துவரப் போகும் நம் பழக்கம் இங்கே செல்லாது. நாயை நடத்திப் போகும் முன் புறங்கையைத் தரையில் வைத்து ஏழு வினாடி எண்ணுங்கள். முடியவில்லை என்றால் நாயாலும் முடியாது.

விருந்தாளிகளைக் கேமல்பேக் மலைக்குக் கூட்டிப்போகலாமா?

நவம்பரில் தாராளமாக. கோடையில் கடும் வெப்ப வார்னிங் உள்ள நாட்களில் கேமல்பேக், பியெஸ்டேவா சிகரப் பாதைகளை நகரமே மூடிவிடும், மாலை ஐந்து மணிக்குப் பிறகுதான் திறக்கும். மலையில் ஒருவர் மயங்கி விழுந்தால் அவரைக் கீழே இறக்கப் போகும் வீரர்களும் அதே பாறையில், முதுகில் சுமையோடு ஏறுகிறார்கள். அவர்களில் சிலரும் வெப்பத்தால் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார்கள். மூடாத நாளிலும் விடியலில் ஏறி எட்டு மணிக்குள் இறங்கிவிடுங்கள். பாதித் தண்ணீர் தீர்ந்த இடத்தில் திரும்பிவிடுங்கள். உச்சியைப் பார்த்தே ஆக வேண்டும் என்பவர்களைத்தான் ஹெலிகாப்டர் தூக்கிக்கொண்டு வருகிறது.

சுவர் மாதிரி புழுதி வருகிறது. ஓட்டிக்கொண்டு போய்விடலாமா?

முடியாது. ஹபூப் எனப்படும் இந்தப் புழுதிச்சுவர் இடிமழை மேகத்திலிருந்து கீழே பாயும் காற்று கிளப்பிவிடுவது. 2011 ஜூலை 5 அன்று பீனிக்ஸை மூடியது ஐயாயிரம் அடிக்கும் மேலான உயரம். டூசான் நகரத்துக்குப் போகும் 10-ம் எண் நெடுஞ்சாலைதான் இதற்குப் பேர்போனது.

பார்வை மறையும் முன்பே சாலையை விட்டு, ஓரத்தை விட்டும், முடிந்த அளவு தள்ளி நிறுத்துங்கள். அப்புறம் செய்ய வேண்டியது நம் கைப்பழக்கத்துக்கு நேர் எதிர்: எல்லா விளக்கையும் அணையுங்கள், ஹசார்டு லைட் உட்பட. ஹேண்ட் பிரேக் போட்டு, பிரேக்கிலிருந்து காலை எடுங்கள். ஏனென்றால் பின்னால் கண் தெரியாமல் வருகிறவர் உங்கள் சிவப்பு விளக்கைப் பார்த்து, அதுதான் சாலை என்று நம்பி நேராக உங்கள் மேல் ஏற்றுவார். சீட் பெல்ட்டைக் கழற்றாதீர்கள். பெரும்பாலும் கால் மணி, அரை மணியில் கடந்துவிடும்.

வாஷ் என்கிறார்களே, அது என்ன? தண்ணீர் கொஞ்சமாகத்தானே ஓடுகிறது?

வருஷத்தில் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும் ஓடை. சாலை அதன் குறுக்கே பாலம் இல்லாமல் இறங்கி ஏறும். பருவமழைக் காலம் இங்கே ஜூன் 15 முதல் செப்டம்பர் 30 வரை. உங்கள் தலைக்கு மேல் நீல வானமாக இருக்கும். இருபது மைல் தள்ளி மலையில் பெய்தது ஓடையில் வந்துகொண்டிருக்கும். அரையடித் தண்ணீர் ஆளைத் தள்ளும், ஓரடி சிறிய காரை மிதக்கவிடும், இரண்டடி வந்தால் பெரும்பாலான வண்டிகள் போய்விடும்.

தடுப்பு வைத்திருப்பதைச் சுற்றிக்கொண்டு போய் மாட்டினால் மீட்புச் செலவில் 2,000 டாலர் வரை உங்கள் தலையில். 1995-லிருந்து இருக்கும் அந்தச் சட்டத்தை ஊரே "முட்டாள் ஓட்டுநர் சட்டம்" என்றுதான் கூப்பிடுகிறது.

புயலில் கரண்ட் கம்பி காரின் மேல் விழுந்தால்?

உள்ளேயே இருங்கள், 911 அழையுங்கள். கார் தீப்பிடித்தால் மட்டும் வெளியே: இரண்டு காலையும் சேர்த்துக் குதித்து, காரையும் தரையையும் ஒரே நேரத்தில் தொடாமல், காலைத் தூக்காமல் தேய்த்துத் தேய்த்து நகருங்கள்.

நாங்கள் நகரத்துக்குள் இருக்கிறோம். காட்டுத்தீ எச்சரிக்கை எங்களுக்கு எதற்கு?

2020 ஜூனில் பீனிக்ஸுக்கு வடகிழக்கே டோன்டோ வனப்பகுதியில் சாலையோரம் தீப்பிடித்த ஒரே ஒரு வண்டியிலிருந்து "புஷ்" என்று பெயரிட்ட காட்டுத்தீ கிளம்பி, 1,93,000 ஏக்கருக்கு மேல் எரித்துவிட்டுப் போனது. வார இறுதியில் ஏரிக்குப் போகிறவர்கள் நகரத்துக்காரர்கள்தான். இழுத்துப் போகும் டிரெய்லரின் சங்கிலி தார்ச்சாலையில் உரசினால் பொறி பறக்கும். காய்ந்த புல்மேல் காரை நிறுத்தினால் அடியில் உள்ள சைலன்சர் சூடே போதும்.

ஈரப்பதம் 15 சதவீதத்துக்கும் கீழே போய், காற்றும் பலமாக இருந்தால் "ரெட் ஃபிளாக்" எச்சரிக்கை. அன்று வெளியில் நெருப்பு, வெல்டிங், கிரைண்டர் எதுவும் வேண்டாம். வனத்துறை "ஸ்டேஜ் 1" என்றால் அனுமதித்த இடங்களில் மட்டும் கேம்ப்ஃபயர், "ஸ்டேஜ் 2" என்றால் எங்கேயும் இல்லை. மழைக்காலம் தொடங்கிவிட்டது, இனி பயமில்லை என்றும் சொல்ல முடியாது. மழைக்கு முன்னால் காற்றுதான் வரும். 2013 ஜூன் 30 அன்று யார்னெல் மலைத்தீயில் அப்படி வந்த இடிமழைக் காற்று தீயின் திசையைத் திருப்பிவிட, ஒரே குழுவைச் சேர்ந்த 19 வீரர்கள் இறந்தார்கள்.

வெளியேற்ற அறிவிப்பு "ரெடி, செட், கோ" என மூன்று படிகளில் வரும். பாஸ்போர்ட், ஐ-94 (அமெரிக்காவுக்குள் வந்ததற்கான பதிவு), மாத்திரை ஆகியவற்றை ஒரே பையில் போடுவது ரெடி. காரைத் தலை வெளியே பார்க்க நிறுத்துவது செட். கோ என்றால் அந்த நிமிடமே கிளம்பு. வயதான பெற்றோரோ கைக்குழந்தையோ இருந்தால் செட்டிலேயே கிளம்பிவிடுங்கள் என்பேன். வீட்டைச் சுற்றி முதல் ஐந்தடிக்குள் காய்ந்தது எதுவும் இருக்கக் கூடாது. பேரீச்ச மரத்தில் பாவாடை மாதிரி தொங்கும் காய்ந்த மட்டை பட்டாசுப் பொறிக்குக் காத்திருக்கும் தீப்பந்தம்.

நீச்சல் குளத்தைப் பற்றி ஏன் இவ்வளவு செய்தி?

ஏனென்றால் மூழ்கும் குழந்தை கத்தாது. படத்தில் வருவதுபோல் கையடிக்காது, சத்தமில்லாமல் இறங்கிவிடும். ஆறு வயதுக்குட்பட்ட குழந்தை உள்ள வீடு என்றால் குளத்துக்கு ஐந்தடி வேலியும் தானே மூடிக்கொள்ளும் கதவும் மாநிலச் சட்டப்படி வேண்டும். நம் வீட்டு விருந்துகளில் நான் பார்க்கும் ஆபத்து வேறு: முற்றத்தில் இருபது பெரியவர்கள், ஒவ்வொருவரும் மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று பேச்சில் மூழ்கியிருப்பார்கள். கால் மணிக்கு ஒருவர் என்று முறை வைத்து, அவர் போனை உள்ளே வைத்துவிட்டு வந்து உட்காரட்டும்.

தேனீக் கூட்டம், பாம்பு?

தேனீ துரத்தினால் முகத்தை மூடிக்கொண்டு ஓடி, வீட்டுக்குள்ளோ காருக்குள்ளோ புகுந்து கதவை மூடுங்கள். குளத்தில் குதிக்காதீர்கள், மேலே காத்திருக்கும். 1993-லிருந்து இங்கே ஆப்பிரிக்கக் கலப்புத் தேனீ இருக்கிறது, ஒன்று கொட்டினால் கூட்டமே வரும். பலரைக் கொட்டிக்கொண்டிருந்தால் 911. தீயணைப்பு வண்டி சோப்பு நுரைத் தண்ணீரைப் பீய்ச்சி அடக்கும்.

பாம்பைப் பிடிக்கச் சில ஊர்களில் வருவார்கள், சில ஊர்களில் தனியார் ஆளைக் கூப்பிடச் சொல்வார்கள். கடித்துவிட்டால் எந்த ஊரிலும் 911. கயிறு கட்டுவது, கீறுவது, ஐஸ் வைப்பது எதுவும் வேண்டாம்.

ஸ்மோக் அலாரம் நிமிடத்துக்கு ஒருமுறை "கீச்" என்கிறது.

பேட்டரி தீர்ந்துவிட்டது. அலாரத்துக்கே பத்து வயது ஆகிவிட்டதென்றால் புதிது மாட்டுங்கள். தாளிக்கும்போதெல்லாம் கத்துகிறது என்று பேட்டரியைக் கழற்றி டிராயரில் போட்டவர்கள் எத்தனை பேர் என்று கேட்க மாட்டேன். பல தீயணைப்புத் துறைகள் இலவசமாக வந்து மாட்டித் தருகின்றன, சமையலறையிலிருந்து எவ்வளவு தள்ளி மாட்டலாம் என்றும் சொல்வார்கள்.

நகர எல்லைக்கு வெளியே வீடு வாங்கப் போகிறோம். எதைக் கவனிக்க வேண்டும்?

அந்த முகவரிக்கு எந்தத் தீயணைப்பு அமைப்பு பொறுப்பு என்பதை, கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள். பீனிக்ஸ் பகுதி நகரங்கள் தங்களுக்குள் எல்லை பார்க்காமல் பக்கத்தில் இருக்கும் வண்டியை அனுப்பிக்கொள்கின்றன. ஆனால் எந்த நகரத்திலும் சேராத சில பகுதிகளில் தனியார் நிறுவனத்துக்கு ஆண்டுச் சந்தா கட்ட வேண்டும். கட்டாவிட்டாலும் வந்து அணைப்பார்கள், அப்புறம் வண்டிக்கும் மணிக்கணக்குக்கும் பில் போடுவார்கள்.

நிலையத்துக்குக் குழந்தைகளைக் கூட்டிப்போகலாமா?

போன் செய்து நேரம் கேட்டுவிட்டுப் போகலாம். மழைக்கு முன் மணல்மூட்டை, சி.பி.ஆர். வகுப்பு, கார் சீட் சரிபார்ப்பு போன்றவற்றைப் பல ஊர்களில் அங்கேயே தருகிறார்கள். அலாரம் அடித்தால் பாதிப் பேச்சில் ஓடிவிடுவார்கள். குழந்தைகளுக்கு அதைவிட நல்ல காட்சி இல்லை.

இதெல்லாம் எப்போது முடியும்?

நாட்காட்டிப்படி செப்டம்பர் 30. 2024-ல் செப்டம்பர் 24 முதல் அக்டோபர் 14 வரை 21 நாளும் பீனிக்ஸ் அந்தந்தத் தேதிக்கான வெப்பச் சாதனையைத் தொட்டது அல்லது முறியடித்தது. அதனால் தீபாவளி வரை தண்ணீர் பாட்டிலைக் கையை விட்டு இறக்காதீர்கள்.

தீபாவளி என்றதும் ஞாபகம் வந்தது. பட்டாசு?

அரிசோனா பட்டாசுச் சட்டத்தில், ஜூலை 4, புத்தாண்டு போல, தீபாவளிக்கும் நாள் ஒதுக்கியிருக்கிறார்கள். கம்பி மத்தாப்பு, புஸ்வாணம், தரைச்சக்கரம் சரி. ராக்கெட், சரவெடி, மேலே போய் வெடிப்பவை கிடையாது. உங்கள் நகரம் இன்னும் கெடுபிடியாக இருக்கலாம். அறிவிப்பைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். எரிந்து முடிந்த கம்பிகளை நேராகக் குப்பைத்தொட்டியில் போடாதீர்கள், அது பிளாஸ்டிக், கராஜுக்குள் நிற்பது. ஒரு வாளித் தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறவிட்டு, காலையில் போடுங்கள்.